முதன்முறை ஓட்டுப் போடப் போகிறீர்களா? முதலில் சீட்டைப் படிக்கப் பழகுங்கள்

ஓட்டு என்றதும் வரிசையும் விரல் மையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் உள்ளே போனதும் கையில் கிடைக்கும் சீட்டு நாட்டுக்கு நாடு மாறும். ஒரே நாட்டில்கூடத் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். இந்தியாவில் மக்களவைக்குப் பொத்தானை அழுத்துகிறார்கள். அதே நாட்டில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் சீட்டில் 1, 2, 3 என்று எண் எழுதுகிறார்கள். இலங்கையில் நாடாளுமன்றத்துக்கு ஒரு விதமான சீட்டு, ஜனாதிபதிக்கு வேறு விதம். குடியேறிய நாட்டில் குடியுரிமை வாங்கி முதல் தேர்தலைச் சந்திப்பவருக்கு எல்லாமே புதிது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். யாருக்கு ஓட்டு என்று யோசிப்பதோடு நிறுத்திவிடாமல், அந்த ஓட்டை எப்படி எண்ணப் போகிறார்கள் என்றும் தெரிந்துகொண்டு போங்கள். அது தெரிந்தால்தான் எங்கே குறியிடுவது, எத்தனை குறி, எதை விட்டால் நஷ்டம் என்பதெல்லாம் விளங்கும்.

பெயர் பட்டியலில் இருக்கிறதா?

இது சின்ன வேலை, ஆனால் இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஜெர்மனி, சுவீடன் போன்ற நாடுகளில் குடியிருப்புப் பதிவேட்டிலிருந்து பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலுக்குப் போய்விடும். இந்தியாவில் நீங்களே படிவம் 6 கொடுத்துப் பெயரைச் சேர்க்க வேண்டும். வீடு மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். வாக்காளர் அட்டை பர்ஸில் இருக்கிறது என்று தைரியமாக இருந்துவிடாதீர்கள். அட்டை வெறும் அடையாளத்துக்குத்தான். ஓட்டுரிமை பட்டியலில் இருக்கிறது. அட்டை வைத்திருந்தும் பெயர் நீக்கப்பட்டிருந்தால் திரும்பி வர வேண்டியதுதான். அட்டை தொலைந்திருந்தாலும் பட்டியலில் பெயர் இருந்தால், அனுமதிக்கப்பட்ட வேறு அடையாள ஆவணத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம்.

பட்டியலில் சேர்க்கக் கடைசித் தேதி ஒன்று இருக்கும். தேர்தல் சூடு பிடிக்கும்போது அது பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும். அதனால் தேர்தலே இல்லாத மாதத்தில் பார்த்து வைப்பது நல்லது.

நூறு ஓட்டு, நாலு முடிவு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு ஊரில் நூறு பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடைச் சின்னத்துக்கு 42, மேசைக்கு 33, சாவிக்கு 25. யார் ஜெயித்தது?

இந்தியா, பிரிட்டன், கனடா, மலேசியா ஆகிய நாடுகளின் நாடாளுமன்றத் தேர்தல் முறைப்படி குடைதான். அதிக ஓட்டு வாங்கியவர் வென்றவர், அவ்வளவுதான். 58 பேர் குடைக்குப் போடவில்லை என்பது கணக்கிலேயே வராது.

ஆஸ்திரேலியாவின் பிரதிநிதிகள் சபை முறைப்படி எண்ணிப் பார்க்கலாம். அங்கே வாக்காளர் ஒருவரை மட்டும் குறிப்பதில்லை, எல்லோரையும் வரிசைப்படுத்துகிறார். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை என்றால், கடைசியில் இருக்கும் சாவியை நீக்கிவிட்டு அந்த 25 சீட்டுகளையும் பிரித்து, 2 யாருக்கு என்று பார்ப்பார்கள். 20 சீட்டில் மேசைக்கும் 5 சீட்டில் குடைக்கும் 2 போட்டிருந்தால், மேசை 53, குடை 47. முதல் எண்ணிக்கையில் ஒன்பது ஓட்டு பின்தங்கியிருந்த மேசை ஜெயித்துவிட்டது.

அடுத்து, அந்த ஊருக்கு ஒரே ஓர் இடம் என்பதற்குப் பதிலாகப் பத்து இடங்கள், மூன்றும் கட்சிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயின், போர்ச்சுகல், பெல்ஜியம் நாடுகளில் புழங்கும் டோன்ட் முறையில் ஒவ்வொரு கட்சியின் ஓட்டையும் 1, 2, 3, 4 என்று வகுத்துக்கொண்டே போவார்கள். கிடைக்கும் எண்களில் பெரிய பத்தைப் பொறுக்கினால் குடைக்கு 5, மேசைக்கு 3, சாவிக்கு 2. நியூசிலாந்தும் ஜெர்மனியும் பயன்படுத்தும் செயின்ட் லாக் முறையில் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களால் வகுப்பார்கள். அதே ஓட்டுகளுக்கு இப்போது குடை 4, மேசை 3, சாவி 3. நம்பாதவர்கள் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை.

ஒருவர்கூட மனம் மாறவில்லை. ஒரு சீட்டுகூடக் கள்ள ஓட்டு இல்லை. ஆனாலும் முடிவு நாலு விதம். எந்த முறை நியாயமானது என்ற சண்டை 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களான போர்தாவும் கோந்தோர்செயும் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. இடங்களும் ஓட்டும் ஓரளவு பொருந்தியிருக்க வேண்டும் என்றால் கட்சிகளுக்கு ஓட்டு விகிதத்தில் இடம் பிரிக்கும் பட்டியல் முறைதான் பரவாயில்லை என்பது என் கருத்து. ‘என் தொகுதிக்கு ஒரு ஆள், அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்’ என்று நினைப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சரி, அதை விடுங்கள். முறையை மாற்றுவது இன்றைக்கு நம் கையில் இல்லை, சீட்டு கையில் இருக்கிறது.

சீட்டைப் பார்த்து முறையைக் கண்டுபிடிப்பது

சீட்டின் மேலே இருக்கும் குறிப்பைப் படியுங்கள். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. ‘ஒரு பெயருக்கு எதிரே மட்டும் குறியிடவும்’ என்று இருந்தால் வேலை சுலபம். ஒரே குறி, அதுவும் கட்டத்துக்குள். இரண்டு இடத்தில் போட்டால் செல்லாது.

எண் எழுதச் சொன்னால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எத்தனை எண் கட்டாயம் என்பது இடத்துக்கு இடம் வேறு. ஆஸ்திரேலியாவின் பிரதிநிதிகள் சபைச் சீட்டில் ஒரு கட்டம் விடாமல் எல்லாவற்றுக்கும் எண் போட வேண்டும். அதே நாட்டின் மேலவையான செனட்டின் சீட்டில் ஒரு கோடு இருக்கும், மேலே கட்சிகள், கீழே வேட்பாளர்கள். கோட்டுக்கு மேலே என்றால் குறைந்தது 6 கட்டம், கீழே என்றால் குறைந்தது 12 என்று எழுதியிருக்கும். அயர்லாந்தில் 1 மட்டும் போட்டுவிட்டு வந்தாலும் ஓட்டு செல்லும். ஆனால் உங்கள் ஆள் போட்டியிலிருந்து நீக்கப்பட்டால் உங்கள் சீட்டு அதோடு தூங்கிவிடும்.

எண் எழுதும்போது நடக்கும் வழக்கமான பிசகு, ஒரே எண்ணை இரண்டு பேருக்குப் போடுவது. பதினைந்து பெயர் இருக்கும் சீட்டில் 7-ஐ இரண்டு தரம் எழுதுவது ரொம்ப எளிது. எழுதி முடித்ததும் 1-லிருந்து விரல் வைத்து ஒரு சுற்று எண்ணிப் பாருங்கள்.

இலங்கை ஜனாதிபதித் தேர்தல் சீட்டு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் புள்ளடி (X குறி) போடலாம், அல்லது 1, 2, 3 என்று மூவர் வரை விருப்பத்தைக் குறிக்கலாம். இரண்டையும் கலக்கக் கூடாது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரே அடியாக நீக்கிவிட்டு, நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் மட்டும் 2-ஐயும் 3-ஐயும் பார்ப்பார்கள். 1982-இலிருந்து நடந்த ஜனாதிபதித் தேர்தல்களில் இந்த இரண்டாவது எண்ணிக்கை தேவைப்படவே இல்லை. ‘2, 3 எல்லாம் எதுக்கு’ என்று பலரும் விட்டுவிடுவது வழக்கமாகிப்போனது. 2024-இல் அனுர குமார திசாநாயக்க சுமார் 42 சதவீதத்தோடு முன்னிலையில் நின்றபோதுதான் முதன்முறையாக அந்தச் சீட்டுகளை மறுபடி திறந்து விருப்பங்களை எண்ணினார்கள்.

அதே நாட்டின் நாடாளுமன்றச் சீட்டில் முதலில் கட்சிக்குப் புள்ளடி. அப்புறம் அந்தக் கட்சியின் வேட்பாளர் எண்களில் மூன்று வரை விருப்பு வாக்கு. கட்சிக்குப் போடாமல் விருப்பு வாக்கை மட்டும் போட்டுவிட்டு வந்தால் பயனில்லை. மொத்தம் 225 இடங்களில் 196 இடங்கள் மாவட்டங்களிலிருந்தும், 29 இடங்கள் நாடு முழுவதும் கட்சிகள் வாங்கிய ஓட்டின் விகிதப்படி தேசியப் பட்டியலிலிருந்தும் வருகின்றன.

சீட்டு இரண்டு பத்தியாக இருந்தால் உங்களுக்கு இரண்டு ஓட்டு. ஜெர்மனியில் இடப்பக்கம் தொகுதி வேட்பாளர், வலப்பக்கம் கட்சி. வலப்பக்கத்துக்கு ‘இரண்டாவது ஓட்டு’ என்று பெயர் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். புதியவர்கள் அதைத் துணை ஓட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை பங்கு என்பதைத் தீர்மானிப்பதே அதுதான். நியூசிலாந்திலும் 1996 முதல் இதே போல இரண்டு ஓட்டு. இங்கே கவனிக்க வேண்டியது கீழ்வரம்பு. இரு நாட்டிலும் பொதுவாக 5 சதவீதத்தைத் தொடாத கட்சிக்குப் பட்டியல் இடம் கிடையாது. இஸ்ரேலில் அது 3.25. வரம்புக்குப் பக்கத்தில் தத்தளிக்கும் கட்சிக்குப் போடும்போது அதைத் தெரிந்தே போடுங்கள்.

குறியிடவே இடமில்லாத சீட்டுகளும் உண்டு. பிரான்சில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித் துண்டுச்சீட்டு மேசையில் அடுக்கியிருக்கும். ஒன்றுக்கு மேல் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், வேண்டியதை மட்டும் உறையில் போட்டுவிட்டு வர வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? ஜப்பானில் வேட்பாளர் பெயரை வாக்காளரே வெற்றுச் சீட்டில் எழுத வேண்டும். எழுத்துப் பிழை வரக் கூடாதே என்று வேட்பாளர்கள் சுவரொட்டியில் தங்கள் பெயரை எளிய ஹிராகானா எழுத்தில் அச்சிடுவார்கள். ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவர் நின்று, வாக்காளர் குடும்பப் பெயரை மட்டும் எழுதிவிட்டால் அந்த ஓட்டை இருவருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள். அதனால் அங்கே ஓட்டு எண்ணிக்கையில் புள்ளி வைத்த எண்களைப் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது காம்பியா. அங்கே சீட்டே கிடையாது, கோலிக்குண்டுதான். வேட்பாளர் ஒவ்வொருவரின் நிறத்திலும் ஒரு உலோக உருளை வைத்திருப்பார்கள். உங்கள் ஆளின் உருளையில் கோலியைப் போட்டால் உள்ளே மணி அடிக்கும். வெளியே இருக்கும் அலுவலருக்கு ஒரு மணிச் சத்தம் கேட்க வேண்டும். இரண்டு கேட்டால் பிடித்துவிடுவார். கோலி அடியில் விழுந்து இன்னொரு சத்தம் எழுப்பாமலிருக்க உள்ளே மணலோ மரத்தூளோ போட்டு வைப்பார்கள். படிக்கத் தெரியாதவரும் யார் உதவியும் இல்லாமல் ரகசியமாக ஓட்டுப் போடலாம். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு உறுதி தரும் ஏற்பாடு வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

2 போட்டால் 1-க்குக் கெடுதலா?

எண் எழுதும் முறைக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அயர்லாந்து, ஆஸ்திரேலியா, இலங்கை முறைகளில் கெடுதல் இல்லை. உங்கள் 1 போட்டியில் இருக்கும் வரை 2-ஐ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் நீக்கப்பட்ட பிறகுதான் 2 உயிர் பெறுகிறது. அயர்லாந்தில் ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள் என்பதால் இன்னொரு வழியும் உண்டு. நாலு இடம், 50,000 செல்லுபடியான ஓட்டு என்றால் ஜெயிக்க 10,001 போதும். ஒருவர் 13,000 வாங்கினால் உபரி 2,999 ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். அப்போதும் உங்கள் 1 ஏற்கெனவே ஜெயித்தாகிவிட்டது.

விதிவிலக்கு நவ்ரு என்ற குட்டித் தீவு நாடு. அங்கே முதல் விருப்பத்துக்கு முழு மதிப்பு, இரண்டாவதற்கு அரை, மூன்றாவதற்கு மூன்றில் ஒரு பங்கு என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கூட்டிவிடுவார்கள். அங்கே உங்கள் 2, உங்கள் 1-ஐத் தோற்கடிக்க முடியும். முறை தெரியாமல் அறிவுரை சொல்லக் கூடாது என்பதற்கு நவ்ருவே சாட்சி.

ஒரே குறி போடும் முறையில் வேறு தலைவலி. பிடித்தவர் ஜெயிக்க வாய்ப்பில்லை என்றால், பிடிக்காதவரைத் தடுக்க நடுவில் இருப்பவருக்குப் போடலாமா? இரண்டு சுற்று நடக்கும் நாட்டில் ‘முதல் சுற்றில் மனசுக்குப் பிடித்தவர், இரண்டாவதில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். பிரான்சில் 2002-இல் அப்படித்தான் 16 வேட்பாளர்களுக்கிடையே ஓட்டு சிதறியது. இரண்டாவது சுற்றுக்கு நிச்சயம் வருவார் என்று எல்லோரும் நினைத்த அன்றைய பிரதமர் ழோஸ்பான் 2 லட்சத்துக்கும் குறைவான ஓட்டில் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். இரண்டாவது சுற்றில் அவருக்கு ஓட்டுப் போடக் காத்திருந்தவர்களுக்குச் சிராக்கும் லெ பென்னும்தான் மிச்சம். கணக்குப் போட்டு ஓட்டுப் போடுவது பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் தொகுதியின் சென்ற தேர்தல் எண்களைப் பார்க்காமல், காற்றில் வரும் பேச்சை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

சாவடிக்குள்

இந்தியச் சாவடியில் முதல் அலுவலர் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடி, கட்சி முகவர்கள் காதில் விழும்படி உரக்கப் படிப்பார். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுத் தருவார். அதை வாங்கிக்கொண்டுதான் மூன்றாமவர் இயந்திரத்தைத் திறந்துவிடுவார். மறைப்புக்குள் போனதும் அவசரப்படாதீர்கள். ஒரு இயந்திரத்தில் நோட்டாவையும் (யாருக்கும் ஓட்டு இல்லை என்ற பொத்தான்) சேர்த்து 16 வரிசைதான். அதற்கு மேல் வேட்பாளர்கள் இருந்தால் இரண்டு மூன்று இயந்திரம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உங்கள் சின்னம் அடுத்ததில் இருக்கலாம். நீலப் பொத்தானை அழுத்தியதும் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், நீளமாகப் பீப் ஒலிக்கும். உடனே திரும்பிவிடாமல் ஓட்டை அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் கண்ணாடியைப் பாருங்கள். வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் அச்சான துண்டுச்சீட்டு 7 வினாடிதான் தெரியும், பிறகு வெட்டுப்பட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடும்.

பிரேசிலில் வேட்பாளர் எண்ணைத் தட்டினால் திரையில் அவர் படம் வரும். சரியாக இருந்தால் பச்சைப் பொத்தான், தப்பென்றால் ஆரஞ்சு. எந்த நாடானாலும் உறுதிசெய்யும் பொத்தான் எது என்று அழுத்துவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதச் சீட்டென்றால் அங்கே தரும் பேனாவை, பென்சிலை, முத்திரையைப் பயன்படுத்துங்கள். நெதர்லாந்தில் சிவப்புப் பென்சிலால் வட்டத்தை நிரப்ப வேண்டும். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் தேர்தல் ஆணையம் தரும் பேனாவைத் தவிர வேறு பேனாவால் எழுதினால் ஓட்டு செல்லாது. சீட்டில் கையெழுத்து, பெயர், வாழ்த்து, திட்டு எதுவும் எழுத வேண்டாம். போட்டவர் யார் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளம் இருந்தால் பல நாடுகளில் அந்தச் சீட்டு கழிக்கப்படும். காரணம் பழையது. ஒரு காலத்தில் பிரிட்டனில் எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஓட்டுப் போட்டார்கள். நிலக்கிழாரும் முதலாளியும் பக்கத்திலேயே நிற்பார்கள். 1856-இல் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களான விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் ரகசியச் சீட்டைக் கொண்டுவந்தன, பிரிட்டன் 1872-இல் பின்பற்றியது. சீட்டில் அடையாளம் போட அனுமதித்தால் காசு கொடுத்தவர், ‘போட்டதற்கு அத்தாட்சி காட்டு’ என்று கேட்பார். மறைப்புக்குள் கைபேசிப் படம் எடுக்கப் பல இடங்களில் தடை இருப்பதும் இதனால்தான்.

வீட்டிலிருந்தே போடுபவர்களுக்கு

தபால் ஓட்டில் பெரும்பாலும் இரண்டு உறை. சீட்டு உள்ளுறையில், அது வெளியுறையில், வெளியுறையில் மட்டும் உங்கள் விவரமும் கையெழுத்தும். முதலில் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு, பிறகு வெளியுறையைக் கழற்றி உள்ளுறைகளைக் கலந்துவிடுவதால் சீட்டு யாருடையது என்று தெரியாது. உள்ளுறையை மறந்து சீட்டை நேராக வெளியுறையில் போட்டதற்காகவே அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓட்டுகள் கழிக்கப்பட்டிருக்கின்றன. இன்னொன்று: அஞ்சலில் சேர்க்கும் தேதி கணக்கா, அலுவலகத்துக்குப் போய்ச் சேரும் தேதி கணக்கா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

எஸ்டோனியாவில் 2005-இலிருந்து இணையத்திலேயே ஓட்டுப் போடலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் செல்லும். சாவடிக்கு நேரில் போய்ப் போட்டால் இணைய ஓட்டு ரத்தாகிவிடும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து மிரட்டிப் போட வைத்தால் அவர் போன பிறகு மாற்றிவிடலாம் என்பதற்கான ஏற்பாடு இது. நேர்மாறாக ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009-இல், அங்கே பயன்பட்ட வாக்கு இயந்திரங்கள் செல்லாது என்றது. தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது அதன் வாதம்.

சிக்கல் வந்தால்

சீட்டில் தப்பாகக் குறியிட்டுவிட்டால் அடித்துத் திருத்தாதீர்கள். பெட்டியில் போடுவதற்கு முன்னால் என்றால் பல நாடுகளில் அதைத் திருப்பிக் கொடுத்துப் புதுச் சீட்டு வாங்கலாம். யாரையும் பிடிக்கவில்லையா, இந்தியாவில் 2013-இலிருந்து நோட்டா இருக்கிறது. ஆனால் நோட்டா எத்தனை வாங்கினாலும் வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவரே மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் ஜெயித்தவர்.

உங்கள் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று நிரூபித்தால் இந்தியாவில் காகிதச் சீட்டில் டெண்டர் ஓட்டுப் போட உரிமை உண்டு. அதைத் தனி உறையில் வைப்பார்கள், அன்றைய எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். பின்னே என்ன பயன் என்று கேட்கலாம். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனபோது அங்கே விவாதம் அந்த டெண்டர் ஓட்டுகளைப் பற்றித்தான். அமெரிக்காவில் பட்டியலில் பெயர் இல்லை என்று சொன்னாலும் பெரும்பாலான மாநிலங்களில் தற்காலிகச் சீட்டு கேட்டு வாங்கலாம். தகுதியைச் சரிபார்த்த பிறகு எண்ணுவார்கள்.

நேரம் முடிந்துவிட்டது என்று வரிசையிலிருந்து விரட்டினாலும் நகராதீர்கள். இந்தியாவில் முடியும் நேரத்தில் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஓட்டுண்டு. புதிதாக யாரும் பின்னால் வந்து சேராமலிருக்க, கடைசியில் நிற்பவரிலிருந்து தொடங்கி முன்னோக்கிக் கையெழுத்திட்ட சீட்டு கொடுத்துக்கொண்டு வருவார்கள். அது கைக்கு வந்துவிட்டால் இரவு எவ்வளவு நேரமானாலும் நீங்கள் போட்டுவிட்டுத்தான் வரலாம்.